ஹெட்லைட் பல்பு மாற்றப் போகிறீர்களா? அட்டையில் போட்டிருக்கும் 200 வாட்டை நம்பாதீர்கள்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய கார் அக்சஸரீஸ் கடைகளுக்கு ஹெட்லைட் பல்பு மாற்றக் கிளம்புகிறவர்கள் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே கடையில், ஒரே காருக்கு, இரண்டு முறை என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். போனது 5,200 ரூபாய், ஹெட்லைட்டில் பல்பு சொருகும் ஹோல்டர் ஒன்று, ஹெட்லைட்டின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் பூட் இரண்டு. கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதோடு இந்த வித்தை அந்த ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

கார் 2014 மாடல் ஹேட்ச்பேக். இழை சூடாகி எரியும் எச்4 வகை ஹாலஜன் பல்பு, பின்னால் வளைந்த ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பும் சாதாரண ஹெட்லைட். எனக்கு அடிக்கடி இரவில் திண்டிவனத்தில் திரும்பி செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற வேலை இருக்கிறது. அந்தப் பக்கம் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாமல் நடு ரோட்டில் ஊர்ந்துகொண்டிருக்கும். வருடம் ஆக ஆக ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. நல்ல பல்பாகப் போடலாம் என்று போனேன்.

கடையில் பானட்டைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது என்ன பல்பு இருக்கிறது, எதனால் மங்கல் என்று ஒரு கேள்விகூட இல்லை. நேராக ஒரு எல்.இ.டி. டப்பா வந்தது. ஒரு பல்புக்கு 200 வாட், வெளிச்சத்தின் அளவு 20,000 லூமன், நிறம் 6,000 கெல்வின் என்று அட்டை முழுக்க எண்கள். "சார், இதப் போட்டா ராத்திரியே பகலாயிடும். எதிர்ல வர்றவன் தானா ஒதுங்கிப் போயிடுவான்" என்றான் பையன். ஒரு பக்கம் பழைய பல்பு, இன்னொரு பக்கம் எல்.இ.டி.யை மாட்டி, எதிர்க் கடை ஷட்டரில் அடித்துக் காட்டினான். பழையது மஞ்சளாக அழுது வடிந்தது, புதியது ஷட்டரையே சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கியது. இந்த ஷட்டர் காட்சிதான் அங்கே முழு வியாபாரமும். பேரம் பேசி 3,800-க்கு முடிந்தது. பில் கேட்டால், "பில்லுன்னா ஜி.எஸ்.டி. சேரும் சார்" என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். உத்தரவாதம் ஒரு வருடம் என்று விசிட்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் ஒரு கிறுக்கல்.

ரோட்டில் இறங்கியதும் வேறு கதை. பம்பருக்கு முன்னால் கொஞ்ச தூரம் வரை வெள்ளை வெளேர். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. புளியமரத்தின் உச்சிக் கிளை தெரிகிறது, அதன் அடியில் நிற்கும் மாடு தெரியவில்லை. எதிரே வந்த லாரி, பஸ், பைக் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் வெளிச்சம் தாழ்ந்து விழும் லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டதும் ஈரத் தார் ரோட்டில் நடுக்கோடுகூடக் கண்ணில் படவில்லை.

இது ஏன் என்பதை அப்புறம் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் போல ஒரு தகடு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப் பாதிக்கு வெளிச்சம் போகாமல் அது மறைத்துவிடும். மேல் பாதியில் பட்ட வெளிச்சம்தான் கீழ்நோக்கி ரோட்டில் விழும். சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த இழை எந்த இடத்தில் இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவையே செய்கிறார்கள். எல்.இ.டி.யில் ஒரு தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டியிருக்கும். இழை இருந்த இடமும் இது இருக்கும் இடமும் ஒன்றல்ல. அதனால் வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மரத்துக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது. இன்னொரு விஷயம், காருக்குப் பக்கத்திலேயே பளீரென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்ளும், தூரத்து இருட்டில் இருப்பது இன்னும் குறைவாகத் தெரியும். ஷட்டரில் இதெல்லாம் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்குத்தான் ஷட்டர்.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, ஒரு பல்பு 200 வாட்டுன்னா உங்க பியூஸ் இந்நேரம் பொசுங்கியிருக்கணுமே" என்றார். எளிய கணக்குதான். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட்; 200 வாட் என்றால் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். என் காரில் ஒவ்வொரு பக்க ஹெட்லைட்டுக்கும் 10 ஆம்பியர் பியூஸ். அவர் அந்தப் பியூஸைப் பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு காதும் உட்காரும் இடத்தில் மீட்டரின் இரண்டு முனைகளையும் சொருகி லைட்டைப் போடச் சொன்னார். மீட்டரில் 1.7 ஆம்பியர். அதாவது 24 வாட். அட்டையில் போட்டதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. எல்.இ.டி.க்கு வாட் குறைவாக இருப்பது குற்றமில்லை, குறைந்த வாட்டில் அதிக வெளிச்சம் தருவதுதான் அதன் குணம். ஆனால் 24 வாட்டில் 20,000 லூமன் வரவே வராது. முறைப்படி தயாரான எச்4 ஹாலஜன் பல்பு லோ பீமில் சுமார் 1,000 லூமன், ஹை பீமில் 1,650 லூமன் தரும். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு எந்தக் கடையின் அட்டையையும் படித்துப் பாருங்கள், நன்றாகப் பொழுதுபோகும்.

பின்பக்கம் பார்த்தபோது வயிறு எரிந்தது. எல்.இ.டி.யின் விசிறி உள்ளே அடங்கவில்லை என்பதற்காக, ஹெட்லைட்டுக்குப் பின்னால் தண்ணீரும் தூசியும் போகாமல் மூடியிருக்கும் ரப்பர் பூட்டை பிளேடால் வட்டமாக அறுத்திருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுத்த விளிம்பு பல் பல்லாக இருந்தது, அதன் மேல் கறுப்பு டேப். மழையில் வந்ததன் பலனாக ஹெட்லைட் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

திரும்பக் கடைக்குப் போனேன். இந்த முறை முதலாளியே பேசினார். "இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெய்ன்ட் சொன்னதில்ல சார்." பணம் திரும்ப வராது, வேண்டுமானால் மாற்றித் தருகிறோம் என்றார். எல்.இ.டி. ஒத்துவரவில்லை என்றால் ஹாலஜனிலேயே 100/90 வாட் (ஹை பீமுக்கு 100, லோ பீமுக்கு 90) ஜோடி போடலாம், ரிலே கிட்டும் சேர்த்து மேலே 1,400 ரூபாய் என்றார். ரிலே என்ற துணை சுவிட்சைப் போட்டால் மின்சாரம் காரின் லைட் சுவிட்ச் வழியாகச் சுற்றாமல் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக ஹெட்லைட்டுக்கு வரும். அது சரியான யோசனைதான். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ரிலேயைத் திருகி, வயரை நெளி குழாயில் விட்டு, அழகாக டேப் சுற்றிக் கொடுத்தார்கள். இதற்கும் துண்டுச் சீட்டுதான்.

வெளிச்சம் உண்மையிலேயே கூடியது. அதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நாள் போனது. ஒரு இரவு செஞ்சியைத் தாண்டும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை, கூடவே வலது பக்க ஹெட்லைட் அணைந்தது. வலது பக்கம் அணைவது எவ்வளவு மோசம் என்றால், எதிரே வருபவனுக்கு இடது லைட் மட்டும் தெரியும், பைக் வருகிறது என்று நினைத்து நடுக்கோட்டை ஒட்டி ஏறி வருவான். ஒரு அரசு பஸ் அப்படித்தான் வந்தது, என் சைடு மிரரை உரசாத குறை. ஒரு டீக்கடை வெளிச்சத்தில் ஓரம் கட்டிப் பார்த்தால், ஹோல்டர் உருகிப் பல்பின் மூன்று காதுகளோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரவில்லை.

மறுபடி திண்டிவனத்துக்காரர்தான். அவர் டேப்பைப் பிரித்ததும் வெளிவந்தது கடையின் இரண்டாவது வேலை. ரிலே இருந்தது, வயர் இருந்தது. அந்த வயர் நெளி குழாய்க்குள் கொஞ்ச தூரம் போய் நறுக்கென்று முடிந்திருந்தது. முனையில் ஒரு சுற்று டேப். எதனோடும் இணைக்கவில்லை! 100/90 பல்பு பழைய வயரிலும் பழைய ஹோல்டரிலும்தான் ஓடியிருக்கிறது. கம்பெனி பல்பு 60/55 வாட், ஒவ்வொன்றும் 5 ஆம்பியர் போல இழுக்கும். இது 8 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். 10 ஆம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. பியூஸ் போகவில்லையே என்று நாம் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருப்போம், வருடக்கணக்கில் தளர்ந்துபோன ஹோல்டரின் பிடியில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

100/90 பல்பு வந்த டப்பாவை எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் கடையின் விலை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் பொடி எழுத்தில், சாலையில் பயன்படுத்த அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. தயாரித்தவன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். அந்த வரிமேல் ஸ்டிக்கரை ஒட்டிய கை யாருடையது என்பதுதான் கேள்வி.

சரி, காருக்கு உண்மையில் என்ன கோளாறு? இன்ஜினை ஓட விட்டு, உருகாத இடது பக்கத்தில் பழைய 60/55 பல்பை மாட்டி மீட்டர் வைத்தார். பேட்டரியில் 14.1 வோல்ட், ஹோல்டரில் 12.2. வழியில் கிட்டத்தட்ட 2 வோல்ட் தொலைகிறது. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வயர் காரின் பாடியில் பிடிக்கும் இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு அடிவாங்கும்; வோல்ட் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சத்தில் நூற்றுக்கு முப்பது போய்விடும். என் காரில் நாற்பதுக்குப் பக்கம் போயிருக்கும். அதற்கு மேல் பத்து வருட வெயிலில் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் கண்ணாடி பழுத்து மஞ்சளாகி இருந்தது. எந்தப் பல்பைப் போட்டாலும் அந்த மஞ்சளைத் தாண்டித்தானே வர வேண்டும்.

எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பீங்கான் ஹோல்டர் மாட்டி, ரிலேயை ஒழுங்காக இணைத்து, கண்ணாடியை 1,000, 2,000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரில் (நைசான உப்புத்தாள்) தேய்த்து பாலிஷ் போட்டு, சாதாரண 60/55 பல்பு இரண்டு மாட்டினார். பல்பு ஒன்று 300 ரூபாய். ரப்பர் பூட்டும் புதிது. சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தி லோ பீம் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலது பக்கம் நேர்கோடாகவும் இடது பக்கம் ஓரத்தை நோக்கி மேலேறியும் விழுந்தது. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுவதால் இப்படித்தான் விழ வேண்டும். எதிரே வருபவர் கண் தப்பிக்கும், சாலையோரம் நடப்பவர் தெரிவார். எல்.இ.டி. போட்டிருந்தபோது இதே சுவரில் கோடே இல்லை, ஒரே வெள்ளைக் குழம்பு.

கடையில் இன்னும் சில சரக்குகளைத் தள்ளப் பார்ப்பார்கள். நீலப் பூச்சுப் பல்பு பார்க்க விலை உயர்ந்த கார் மாதிரி இருக்கும், ஆனால் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். 130 சதவீதம் கூடுதல் என்று நல்ல கம்பெனிகளே விற்கும் ஹாலஜன் ஏமாற்று இல்லை. வாட் அதேதான், இழையை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சதவீதம் விதிப்படி இருக்க வேண்டிய குறைந்த அளவோடு, ரோட்டின் குறிப்பிட்ட சில இடங்களில் ஒப்பிட்டுச் சொல்வது. மொத்த வெளிச்சம் இரண்டு மடங்காகிறது என்று அர்த்தமில்லை, ஆயுளும் குறைவு. எதை வாங்கினாலும் பல்பின் உலோக அடிப்பாகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பொறித்திருக்கிறதா, 60/55 வாட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். 100/90 பல்பில் அந்த முத்திரை முறைப்படி இருக்கவே முடியாது. மாட்டுகிற பையன் பல்பின் கண்ணாடியை விரலால் தொட்டால் உடனே சொல்லுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெடிக்கலாம்.

சட்டப்படியும் மாட்டிக்கொள்வது நாம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆம் விதி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஹெட்லைட் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்த்துவிட்டார்கள். விற்ற கடைக்காரர் ரோட்டுக்கு வந்து நம் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் யு.பி.ஐ. ரசீது, துண்டுச் சீட்டுகள், விசிட்டிங் கார்டின் பின்பக்கம், அறுத்த ரப்பர், உருகிய ஹோல்டர், ஸ்டிக்கர் சுரண்டிய டப்பா எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சேர்த்தேன். கடையிலிருந்து ஒரே ஒரு முறை போன் வந்தது. புகாரைத் திரும்ப வாங்கினால் எல்.இ.டி.யில் புது மாடல் ஒரு ஜோடி இலவசமாகப் போட்டுத் தருகிறார்களாம், 300 வாட்டாம்.