பண்டாரவளை சந்தைக்குப் பின்னால் உள்ள மில்: சத்துமா அரைக்கப் போகிறவர்களுக்கு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். தானியம் கிலோவுக்கு 80 ரூபாய், மிளகாய், மல்லி என்றால் 120. வறுத்துத் தரமாட்டார்கள், நாம்தான் வறுத்துக்கொண்டு போகவேண்டும். பையும் தரமாட்டார்கள். பெயர்ப்பலகை மழையில் கழுவிப்போய் ‘மில்’ என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது, ஊரும் அப்படித்தான் கூப்பிடுகிறது. சந்தைக்குப் பின்பக்கம் இறங்கும் படியில் நின்றால் மோட்டார் சத்தம் கேட்கும், அந்தப் பக்கம் போங்கள்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மனைவி குவைத்தில் வேலை. மகள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், சின்னவன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. பிள்ளைகளைப் பார்ப்பது என் அம்மா, கடைக்குப் போவது நான். ஹயர் இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம், அந்த நேரத்தில் கடைச் சாமான் பக்கெட்டுகளின் பின்பக்கத்தை வாசித்து வாசித்து இப்போது அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஸ்டாண்டில் பெடியன்கள் என்னை ‘பிஎச்ஐ’ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வாசிக்கத் தொடங்கினால்தான் சில விசயம் தெரியவரும். நம் இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானங்களில் சீனிக்கு நிற வட்டம் போடவேண்டும் என்று சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 2019இல் பிஸ்கட் மாதிரியான சாமான்களுக்கும் வந்தது. அதில் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்கும் வட்டம் உண்டு. சீனி 100 கிராமில் 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 8க்குக் கீழே பச்சை. நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் செம்மஞ்சளைப் பார்த்ததும் பெற்றோர் “பரவாயில்லை” என்று எடுத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள பானமும் செம்மஞ்சள்தான். அதில் 200 மில்லி பெட்டி ஒன்று குடித்தால் 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. பிள்ளையின் தேத்தண்ணிக்கு நான் ஐந்து கரண்டி போட்டால் அம்மா என் கையிலிருந்து கரண்டியைப் பறித்துவிடுவார்.

காலையில் பாலில் கலக்கிக் கொடுக்கும் மாவும் இப்படித்தான். பக்கெட்டின் முன்பக்கம் கதிர், பயறு, பந்து விளையாடும் பிள்ளை. பின்பக்கம் சேர்மானப் பட்டியல். எது எடையில் கூடவோ அதைத்தான் பட்டியலில் முதலில் எழுதவேண்டும், பிறகு ஒவ்வொன்றாக இறங்கிப்போகும். சீனி இரண்டாவதாக நிற்கிறது, முன்பக்கம் படம் போட்ட பயறு வால் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறது என்றால் மேற்கொண்டு யாரும் விளக்கத் தேவையில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் மில்லுக்குப் போகத் தொடங்கினேன்.

சாமான் எல்லாம் ஞாயிற்றுச் சந்தையிலேயே கிடைக்கும். குரக்கனும் (கேழ்வரகு) சோளமும் கீழே வெல்லவாய, மொனராகலைப் பக்கத்திலிருந்து ஏறிவருகிறது. அம்மாவின் கணக்கு இது: குரக்கன் இரண்டு பங்கு, சிவப்புப் பச்சரிசி ஒரு பங்கு, பயறு ஒரு பங்கு, சோளம் அரைப் பங்கு, உழுந்து ஒரு கைப்பிடி. சிலர் சோயாவும் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் நன்றாக வறுபட வேண்டும், பச்சை வாசம் இருந்தால் பிள்ளைக்குச் செமிக்காது. நிலக்கடலையை இதோடு அரைக்கவே கூடாது. எண்ணெய் விட்டு மெஷினில் அப்பிக்கொள்ளும், மாவும் சீக்கிரம் காறிப்போகும். சோளம், கடலை இரண்டிலும் பூஞ்சணம் பிடித்தது, கறுத்தது, சுருங்கியது இருந்தால் பொறுக்கி வீசுங்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைப் பாதிக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது.

குரக்கன்தான் வேலை வாங்கும். கடுகு மாதிரிச் சின்ன மணி, அதோடு அதே அளவில் மணல். இரண்டு பாத்திரம் வைத்துத் தண்ணீரில் அரித்து அரித்து எடுக்கவேண்டும். அம்மா அதை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்ட பிறகுதான் காயவைப்பார். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. அதே அளவு பசுப்பாலில் 120 மட்டில்தான். ஆனால் தானியத்தில் உள்ள கல்சியம் முழுக்க உடம்பில் சேராது, முளைகட்டினால் கொஞ்சம் கூடச் சேரும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரியாது, முளைகட்டினால் இனிப்பாக இருக்கும் என்பார். அதுவும் உண்மைதான்.

ஆடி, ஆவணிக் காற்றில் பண்டாரவளையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசிக்குப் பிறகு மழை பிடித்தால் அடுப்பு மேல்தான். ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மூடுபனியில் அரைகுறையாகக் காய்ந்ததைக் கொண்டுவந்து மில்காரரிடம் ஏச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். “டக்” என்று உடையாவிட்டால் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது கோபக் குணம் இல்லை, ஈரத் தானியம் சல்லடையில் அடைத்துக்கொண்டால் மெஷினைக் கழற்றவேண்டும்.

இனி மில்லின் குணமும் குற்றமும்.

குணம் என்னவென்றால் மறைப்பு இல்லை. மேலே கொட்டுவதும் கீழே வருவதும் நம் கண் முன்னால். சின்னப் பிள்ளைக்கு என்று சொன்னால் இரண்டு தரம் ஓட்டித் தருவார், ரொட்டிக்கு, பிட்டுக்கு என்றால் ஒரு தரம் போதும். அங்கே மாவு அள்ளும் அக்கா பொறுமைசாலி, எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்லுவார். மாவு சுடச்சுட விழும், அப்படியே டின்னில் போட்டு மூடினால் மூடியில் வேர்த்து, மாவு கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட வேண்டும் என்று எனக்குச் சொன்னது அவர்தான்.

குற்றமும் இருக்கிறது. மெஷின் இரண்டு: ஒன்று மாவுக்கு, ஒன்று மிளகாய்க்கு. கூட்டம் கூடினால் அந்தக் கணக்கு மறந்துபோகும். மிளகாய் மெஷினில் ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டிக் கழித்துவிட்டு நம் தானியத்தைக் கொட்டிவிடுவார்கள். போன முறை அப்படித்தான். சின்னவன் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். மூன்று கிலோ மாவும் கடைசியில் ரொட்டியாகி, கட்டச்சம்பலோடு பெரியவர்கள் வயிற்றுக்குப் போனது. மில்காரரிடம் சொன்னால், “காரம் பழகட்டும் தம்பி” என்கிறார். இந்தப் பதிலுக்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

மாவு மெஷினில் போட்டாலும் முன்னால் வந்தவரின் மாவு ஒரு பிடியாவது உள்ளே நிற்கும். பெரும்பாலும் அரிசியோ பயறோதான், கெடுதல் இல்லை. ஆனால் நிலக்கடலை, சோயா, கோதுமை என்று ஏதாவது ஒத்துக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த மில்லுக்கு மட்டுமல்ல, எந்தப் பொது மில்லுக்கும் போகவேண்டாம். வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். கொண்டுபோனதை நிறுத்துப் பார்த்து, கொண்டுவந்ததையும் நிறுத்துப் பார்த்தால் குறையும். கேட்டதற்கு, “மெஷினுக்கும் பசிக்கும்ல?” என்றார்.

எனக்குப் பெரிய மனக்குறை இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோவுக்குக் குறைந்தால் வாங்கமாட்டார்கள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் டவுனுக்கு வருவதே சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிறுதான். ஒருமுறை பூனாகலைப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு வந்த ஒரு அக்கா அரைக் கிலோ குரக்கனை வைத்துக்கொண்டு நின்றார். என்னுடையதோடு சேர்த்துக் கொட்டச் சொல்லி அரைத்துக் கொடுத்தேன். 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அரைக் கிலோவோடு வருகிற அம்மாவைத் திருப்பி அனுப்பினால் அவர் அடுத்து நுழைவது பிஸ்கட் கடையில்தான்.

டவுனில் படித்தவர்கள் சிலர் “தோட்டத்துச் சனம் பிள்ளைக்கு பணிஸும் நூடில்ஸும் கொடுக்குது” என்று பேசுவதைப் பின் சீட்டில் அடிக்கடி கேட்கிறேன். விடியப் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடம்) நிற்கவேண்டும், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு இடம்) விடவேண்டும், அந்திக்கு வந்து விறகு பார்க்கவேண்டும். அவர் எப்போது குரக்கனில் மணல் அரிப்பார்? என் வீட்டிலும் அம்மா இல்லாவிட்டால் நானும் பக்கெட்டைத்தான் கிழிப்பேன். மில்காரர் அரித்துக் காயவைத்த குரக்கனை அங்கேயே அரைக் கிலோ, கால் கிலோ என்று அரைத்து விற்றால் கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்குவார்கள். சொல்லிப் பார்த்தேன், தலையாட்டினார், நடக்கவில்லை. பெரிய கடைகளில் இதே குரக்கன்மாவைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு, பச்சை இலை ஒன்றை வரைந்து, மும்மடங்கு விலைக்கு வைத்திருக்கிறார்கள். அதை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

பக்கெட் என்றாலே விசம் என்று சொல்லுகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷவும் பக்கெட்தான், சோளமும் சோயாவும் சேர்ந்தது. சின்னவனின் நிறை கிளினிக் கார்டில் கீழே இறங்கியபோது மிட்வைப் மிஸ் அதைத்தான் கொடுத்தார், நாங்களும் உருண்டை பிடித்துக் கொடுத்தோம். அதேபோல சத்துமா கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்றும் நினைக்கவேண்டாம். முட்டை, நெத்தலி, கீரை, பருப்பு எல்லாம் வேண்டும். கஞ்சி குடித்த கையோடு தேத்தண்ணி கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறைய, தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைச் சரியாகச் சேரவிடாது. அப்புறம் கித்துள் பாணி. சீனி வேண்டாம் என்றுவிட்டு அதை அகப்பையால் ஊற்றுகிறார்கள். மரத்திலிருந்து வந்தாலும் அதுவும் சீனிதான். நாங்கள் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போடுகிறோம். மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். “கலர் கறுப்பா இருக்கு அப்பா” என்றாள். தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டு, ஏலக்காய் ஒன்று தட்டிப் போட்ட பிறகு குடிக்கிறாள். இடைவேளைக்கு ரோல்ஸ் கேட்பது நின்றபாடில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம், வியாழக்கிழமையே கேட்கத் தொடங்கிவிடுகிறாள்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. மிளகாய் விசயத்தைச் சரிசெய்தால் நாலரை தருவேன்.

போவதென்றால் கிழமை நாளில், காலை ஒன்பதுக்கு முன் போங்கள். மெஷின் அப்போதுதான் துடைத்திருக்கும். “பிள்ளைக்கு, மாவு மெஷினில் போடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள், போன் பேச வெளியே போகவேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள், நம் குளிருக்கு வண்டு குறைவு, பூஞ்சணம் அதிகம். போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) பூட்டு. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்தின வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பலகாரத்துக்கு அரிசி கொண்டுவந்தவர்களின் வரிசை படியேறி ரோட்டு வரை நிற்கும், அந்த வாரத்தில் இரண்டு மெஷினிலும் எது கிடைத்தாலும் போடுவார்.