2,350 பவுண்ஸ் போய்விட்டது: வீட்டை லேசர் ஸ்கேன் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் வாசியுங்கள்

காலையில் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அதிகாரியோடு கதைத்த சூட்டோடு எழுதுகிறேன். வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கேட்டுப் போட்ட எங்கள் பிளானிங் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டோம். பெறாவிட்டால் நிராகரிப்புத்தான் என்று அவர் நேரடியாகவே சொல்லிவிட்டார். எல்லாம் ஒரு ஜன்னலால் வந்தது.

லண்டனில் 1930களில் கட்டிய, நடுச்சுவர் பொதுவான இரட்டை வீட்டில் ஒன்று எங்களுடையது. அம்மா இனி எங்களோடு இருக்கப் போகிறார். அவருக்காகப் பின்பக்கம் இரண்டு மாடிக்கும் 3 மீட்டர் நீட்ட நினைத்தோம். பக்கத்து எல்லையிலிருந்து 1 மீட்டர்தான் விடுகிறோம், அதனால் அனுமதி எடுத்தே ஆகவேண்டும்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில்தான் அந்த நிறுவனம் கிடைத்தது. லேசர் கருவியால் வீட்டை அளக்கும் ஸ்கேன், அதிலிருந்து கணினியில் செய்யும் முப்பரிமாண மொடல், கவுன்சிலுக்கான வரைபடங்கள், எல்லாம் சேர்த்து 2,600. தளத்தினூடாகக் கட்டாமல் நேரே வங்கிக் கணக்குக்குப் போட்டால் 250 குறைப்போம் என்றார்கள். முழுக்காசையும் முன்கூட்டியே போட்டேன். 2,350 பவுண்ஸ்.

வந்தவர் தமிழ்ப் பெடியன். முக்காலியில் கருவியை வைத்தார், அது சுழன்றது, சில நிமிடத்தில் எங்கள் வரவேற்பறை அப்படியே அவருடைய டப்லெட்டில் புள்ளி புள்ளியாக நின்றது. ஜன்னல் சீலையின் மடிப்புக்கூடத் தெரிந்தது. "அண்ணை, மில்லிமீட்டர் பிசகாது" என்றார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். வெளியே தூறல். பின்வளவுக்குக் கருவியைக் கொண்டுபோகவில்லையா என்று கேட்டேன். மேல் அறைக்குள் வைத்து எடுத்தாலே ஜன்னல் கண்ணாடி வழியாக எல்லாம் வந்துவிடும் என்றார். சரி என்று விட்டேன். அந்தச் "சரி"யைத்தான் இப்போது நினைத்து நினைத்துக் கொதிக்கிறேன்.

லேசருக்குத் தன் கண்ணில் படுவது மட்டும்தான் தெரியும். கண்ணாடியில் பட்டால் புள்ளிகள் சிதறும், இடம் மாறி விழும். அதைவிட, பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கள் ஜன்னல் இருக்கும் அதே பின்சுவரில் இருக்கிறது. அறைக்குள் நின்று அதை எப்படிப் பார்ப்பது? பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டைக் கண்ணாடி விம்பம்போலத் திருப்பிப் போட்டுப் பக்கத்து வீடு என்று மொடலில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டாரோ பல வருடங்களுக்கு முன்பே அந்த ஜன்னலை மாற்றிக் கட்டியவர்கள்.

பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் மறைகிறதா என்று அறிய, கவுன்சிலில் அந்த வீட்டு ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு போட்டு, நம் கட்டடம் அதை வெட்டுகிறதா என்று பார்ப்பார்கள். மொடலில் ஜன்னலின் நடு எல்லையிலிருந்து 2.1 மீட்டர். நாங்கள் விடும் 1 மீட்டரையும் சேர்த்தால் 3.1. கோடு 45 பாகை என்பதால் நீட்டுவதும் அதே 3.1 மீட்டர்வரை போகலாம், ஆகவே 3 மீட்டர் நீட்டலாம். உண்மையில் அது 1.4 மீட்டர். அதிகாரி வந்து அளந்து பார்த்துவிட்டார். 60 சென்டிமீட்டர் வெட்டுகிறது.

நிறுவனத்துக்கு அழைத்தேன். "மொடல் ஒப்படைத்தாயிற்று, வேலை முடிந்தது." லேசர் அளந்த புள்ளிகள் எல்லாம் அப்படியே இருக்கும் மூலப் புள்ளிக் கோப்பைக் கேட்டேன். முதலில் அது தங்கள் சொத்து என்றார்கள், அடுத்த கிழமை அழித்துவிட்டோம் என்றார்கள். கடைசி வரைபடத்தின் மூலையில் "அயல் கட்டடங்கள் உத்தேசம்" என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். தளத்துக்கு எழுதினால், காசு தங்களினூடாகப் போகவில்லை, தாங்கள் அறிமுகம் மட்டும்தான் என்று பதில். அந்தப் பெடியனுக்கு வட்ஸ்அப்பில் ஒன்பது செய்தி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் நீலக்கோடு விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

2,350 பவுண்ஸ். அதோடு கவுன்சில் கட்டணம் 528. முன்பெல்லாம், திரும்பப் பெற்ற விண்ணப்பத்தை ஒரு வருடத்துக்குள் இலவசமாக மறுபடி போட முடிந்தது. அந்தச் சலுகையை 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். ஆகவே மறுபடியும் முழுக் கட்டணம் கட்டவேண்டும்.

என்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முழுக்காசையும் முன்னால் கொடுக்காதீர்கள். நேர்க் கணக்குக்குப் போடாதீர்கள். கிரெடிட் கார்டில் 100 பவுண்ஸுக்கு மேல் என்றால் வங்கியிடமே கேட்க வழி உண்டு. மூலப் புள்ளிக் கோப்பு தரப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். கருவி வெளியே, வளவுக்குள் வராமல் ஆளை விடாதீர்கள். வரைபடம் வந்ததும் டேப் எடுத்து, பக்கத்து வீட்டாரிடம் கேட்டு அந்த ஜன்னலை நீங்களே அளந்து பாருங்கள்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். இப்போது அந்தத் தளத்துக்கு மூன்றாவது முறைப்பாடு எழுதவேண்டும்.