ப்ரூன் கூழ்ப் பை: உறையின் முன்பக்கமும் பின்பக்கமும்

திட உணவு தொடங்கிய பத்தாம் நாள் என் மகளின் டயப்பரில் ஆட்டுப் புழுக்கையைப் போல ஐந்தாறு உருண்டைகள் கிடந்தன. அவற்றை வெளியேற்றுவதற்குள் அவள் கால் மணி நேரம் முகம் சிவக்க முக்கி அழுது ஓய்ந்திருந்தாள். கடைசி உருண்டையின் மேல் நூலிழை போல ஒரு சிவப்புக் கோடு இருந்ததைக் கண்டு அன்று மாலையே மருத்துவரிடம் ஓடினேன். அவர் பரிசோதித்துவிட்டு, கெட்டி மலம் வரும்போது ஏற்பட்ட சிறு கீறல்தான் என்று சொல்லி, மருந்து எதுவும் எழுதாமல் ப்ரூன் கூழ் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். உலர்ந்த பிளம்ஸ் பழத்தை வேகவைத்து அரைத்து, உறிஞ்சும் வாயுள்ள நெகிழ்பையில் அடைத்து விற்கிறார்களே, அதில் இரண்டு வகைகளை வாங்கி ஏழு வாரம் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன்.

கூழைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது எதற்கானது, எதற்கானது அன்று என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடித்த நாட்களில் என் மகள் சில சமயம் ஐந்து நாள்வரைகூட மலம் கழிக்காமல் இருந்திருக்கிறாள். ஆனால் வந்தபோதெல்லாம் அது களிம்பு போல மென்மையாகவே இருந்ததால் அதை மலச்சிக்கல் என்று மருத்துவர் ஏற்கவில்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைவிட, வருவது கெட்டியாகவும் வறண்டும் இருக்கிறதா, வரும்போது குழந்தைக்கு வலிக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த சில குழந்தைகள் பத்து நிமிடத்துக்கு மேல் முக்கி அழுதுவிட்டு மென்மையான மலத்தையே கழிப்பார்கள். முக்கும்போது ஆசனவாய்த் தசையைத் தளர்த்த இன்னும் பழகாததே அதற்குக் காரணம். அந்தக் குழந்தைகளுக்கு இந்தப் பையால் ஒரு பயனும் இல்லை, பொறுமைதான் தேவை.

முதலில் வாங்கிய பையின் முன்பக்கத்தில் கருநீல ப்ரூன்ஸ் படம் பெரிதாக இருந்தது, பெயரும் அதுவே. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தபோதுதான், சேர்மானப் பட்டியலில் ஆப்பிள் கூழ் முதலாவதாகவும் ப்ரூன்ஸ் மூன்றாவதாகவும் இருப்பது தெரிந்தது. பட்டியலில் பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்தப்படும் என்பதால், நான் வாங்கியது உண்மையில் ப்ரூன் வாசம் காட்டிய ஆப்பிள் கூழ். நான்கு நாள் கொடுத்தும் டயப்பரில் பெரிய மாற்றம் இல்லை. உறை பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையை எழுத்து மிகச் சிறியதாக இருக்கும் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது என்பதுதான் என் குறை.

இரண்டாவது வகையில் ப்ரூன்ஸ், தண்ணீர் இரண்டு மட்டுமே இருந்தன. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ப்ரூன்ஸின் வேலையைப் பெரும்பாலும் செய்வது அதிலுள்ள சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால், அதாவது போதை தராத ஒரு வகை இனிப்புப் பொருள். சிறுகுடல் அதை முழுமையாக உறிஞ்சாமல் விட்டுவிடுவதால் அது பெருங்குடல்வரை சென்று, தன்னோடு தண்ணீரை இழுத்துவைத்து மலத்தை இளக்குகிறது. 100 கிராம் உலர்ந்த ப்ரூன்ஸில் ஏறக்குறைய 15 கிராம் சார்பிட்டாலும் 7 கிராம் நார்ச்சத்தும் உண்டு. அதே எடையுள்ள சாற்றில் சார்பிட்டால் சுமார் 6 கிராம்தான், நார்ச்சத்தோ பெரும்பாலும் வடிகட்டலில் போய்விடுகிறது. தண்ணீர் சேர்த்த கூழின் வீரியம் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2017-இல், மருத்துவக் காரணம் இருந்தாலன்றி ஒரு வயதுக்கு முன் பழச்சாறே வேண்டாம் என்று அறிவுறுத்தியிருப்பதால், சாற்றுப் புட்டியை விடுத்துக் கூழை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

காலையில் இரண்டு தேக்கரண்டி வீதம் கொடுக்கத் தொடங்கினேன். இரண்டாம் நாள் மாலை, அழுகை எதுவும் இல்லாமல், நல்ல கரும்பழுப்பில் மென்மையாக வந்தது. கூழின் நிறம் மலத்தில் தெரிவதை முன்கூட்டியே அறிந்திராவிட்டால் மறுபடியும் மருத்துவரிடம் ஓடியிருப்பேன். எனினும் முழுப் புகழையும் பைக்குக் கொடுத்துவிட முடியாது. அதே இரண்டு நாட்களில் அரிசிக் கூழுக்குப் பதிலாக இரும்புச்சத்து சேர்த்த ஓட்ஸ் கூழுக்கு மாறினேன், வாழைப்பழ மசியலை நிறுத்தினேன், ஒவ்வொரு உணவோடும் சில வாய் தண்ணீரும் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு பாலைக் குறைக்காமல் ஒரு நாளைக்கு 120 முதல் 240 மில்லிவரை தண்ணீர் கொடுக்கலாம் என்பது பொதுவான அளவு. நான் அதுவரை ஒரு சொட்டும் கொடுக்காமல் கெட்டியான கூழை ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் ஓட்ஸையும் தண்ணீரையும் அப்படியே வைத்துக்கொண்டு ப்ரூனை மட்டும் நிறுத்திப் பார்த்தபோது, நான்கு நாள் நன்றாக இருந்து ஐந்தாம் நாள் மீண்டும் கெட்டியாகத் தொடங்கியது. ஆகவே பைக்கும் அதில் பங்கு இருந்தது என்று நம்புகிறேன், ஒரு குழந்தையை வைத்துச் செய்த சோதனைக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு.

என் அவசரத்தால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வேலை செய்கிறதே என்று ஒரு நாள் காலையிலும் மாலையிலுமாக ஆறு தேக்கரண்டி கொடுத்துவிட்டேன். சார்பிட்டாலைப் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகும். அன்றிரவு வயிறு மத்தளம் போல உப்பி, அவள் காலை மடக்கி மடக்கி நீட்டி அழுதாள். விடிவதற்குள் மூன்று முறை நீர்த்துப் போனதில் தொடை இடுக்கு சிவந்துவிட்டது. உறையில் வயதுக்கேற்ற அளவு எதுவும் அச்சிடப்படவில்லை. மலம் இளக்குவதற்காகவே பெரும்பாலோர் வாங்கும் ஒரு பொருளில் அது இருந்திருக்க வேண்டும்.

பையின் வடிவத்தைப் பற்றியும் எனக்கு இரு மனம் உண்டு. வெளியே செல்லும்போது கிண்ணம் தேடாமல் திறந்து ஊட்ட முடிவது வசதிதான். ஆனால் குழந்தை வாயை வைத்து உறிஞ்சினால் மெல்லவும் நாக்கால் உணவை நகர்த்தவும் பழகுவதில்லை. எச்சில் உள்ளே போய்விடுவதால் மீதியைக் குளிர்பெட்டியில் வைக்கவும் முடியாது. ஸ்பூனில் பிதுக்கி ஊட்டினால் இரண்டு சிக்கலும் இல்லை. கூழ் மிகவும் தித்திப்பானது. சர்க்கரை சேர்க்கப்படவில்லை என்று உறையில் எழுதியிருப்பது உண்மையே என்றாலும், பழத்தின் சர்க்கரை முழுவதும் அதில்தான் இருக்கிறது. காலையில் ப்ரூன் தின்ற நாட்களில் மதியம் பட்டாணி மசியலைக் கண்டதும் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறகு அதே ப்ரூனை ஓட்ஸில் கலந்து கொடுக்கத் தொடங்கியதும் அந்தப் பிடிவாதம் குறைந்தது. துணியில் பட்ட கறையோ இன்றுவரை போகவில்லை.

எட்டாம் மாதத்தை நெருங்கியபோது ப்ரூன்ஸை வெந்நீரில் ஊறவைத்து நானே அரைத்துப் பார்த்தேன். பலன் ஒன்றுதான், ஆனால் முதல் முறை வடிகட்டாததால் தோல் துணுக்கு ஒன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அவள் குமட்டினாள். திட உணவின் தொடக்க வாரங்களில் அந்த வழவழப்புக்காகவே பையை வாங்கலாம். பின்னர் வீட்டுக் கூழும் பேரிக்காய் மசியலும் போதுமானவை, பேரிக்காயிலும் சார்பிட்டால் இருக்கிறது.

பை இருக்கிறதே என்று மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாத நிலைகள் உண்டு. வாந்தி, அதிலும் பச்சை நிற வாந்தி, வயிறு விறைத்து உப்புதல், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், எடை ஏறாமை, கீறல் அளவைத் தாண்டிய இரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், பிறந்த முதல் மாதத்திலிருந்தே சிக்கல் இருந்தாலும் கூழ் விடையாகாது. மலம் இளக ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் குச்சியும் மருத்துவர் சொன்னால் மட்டுமே. யாராவது அன்போடு தேன் தடவச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேனால் பொட்டுலிசம் என்ற நஞ்சேற்றம் வரக்கூடும், அதன் முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான்.

இரண்டு பொருள்கள் மட்டும் உள்ள அந்தப் பையை மறுபடியும் வாங்குவேன், ஆப்பிளை முன்னிறுத்தியதை வாங்க மாட்டேன். அதில் மீந்த மூன்று பைகளை ஓட்ஸ் கூழுக்கு இனிப்பூட்டப் பயன்படுத்திக் காலி செய்துவிட்டேன்.