டிராக் டேக்கு எந்த பிரேக் பேடு? காரைக்குடியிலிருந்து போகிறவர்களுக்கான ஒப்பீடு

டிராக் டே என்றால் சொந்தக் காரைப் பந்தய டிராக்கில் விரட்டிப் பார்க்கும் நாள். சென்னைக்காரருக்கு இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு மணி நேரப் பயணம். கோவைக்காரருக்குச் செட்டிபாளையம் பக்கத்து ஊர். காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 250 கிலோமீட்டருக்கு மேல். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் வசதி நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. ஓட்டிக்கொண்டே போகிறோம், பகல் முழுக்க விரட்டுகிறோம், அதே காரில் இரவோடு இரவாகத் திரும்புகிறோம். மறுநாள் அதே வண்டி ஆச்சியைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஆகவே நம் பேடுக்கு இரண்டு வேலை. டிராக்கில், பேடு இறுக்கிப் பிடிக்கும் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) 500, 600 டிகிரிக்குச் சூடேறினாலும் பிடி தளரக் கூடாது. திருமயம் தாண்டி இருட்டில் வரும்போது சாலை நடுவே மாடு படுத்திருந்தால், ஆறிக் கிடக்கும் அதே பேடு முதல் மிதியிலேயே பிடிக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே பேடு முழுமையாகச் செய்யாது. எந்தப் பக்கம் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. பரிந்துரை சொல்பவர்கள் பலரும் டிராக்கை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். நான் திரும்பி வரும் சாலையை முதலில் வைத்துப் பார்க்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 180 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு இறங்குகிறது என்று வையுங்கள். பிரேக் விழுங்கும் ஆற்றல் சுமார் 15 லட்சம் ஜூல். சாலையில் நூறிலிருந்து முழுதாக நிறுத்தினால் 6 லட்சம் ஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது டிராக்கில் வண்டியை நிறுத்தாமல் வளைவுக்காக வேகத்தைக் குறைப்பதே, சாலையில் அவசரமாக நிறுத்துவதைப் போல இரண்டரை மடங்கு. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் முன்சக்கரங்களுக்குப் போகும். முன் டிஸ்க் ஒன்று 9 கிலோ என்றால், ஒரே மிதியில் அதன் வெப்பம் 120 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. சாலையில் அது ஆற நேரம் கிடைக்கும். டிராக்கில் சில நொடிகளில் அடுத்த வளைவு வந்துவிடும்.

பேடுக்கு முன்னால் பிரேக் ஆயில்

பேடுகளை ஒப்பிடும் இடத்தில் ஆயிலைப் பேசுவது வழி மாறுவதல்ல. பிரேக் கைவிடுவதில் இரண்டு விதம் உண்டு. பெடல் கல்லுப் போல இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேடு தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சுபோல இறங்கித் தரையைத் தொட்டால் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. இரண்டாவதுதான் அதிகம் பயமுறுத்துவது. எவ்வளவு விலையுயர்ந்த பேடும் அதைக் காப்பாற்றாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. டாட் 4 தர விதிப்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும். டாட் 5.1க்கு அது 260, 180. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடந்து இரண்டு வருடமாக மாற்றாத ஆயிலோடு டிராக்குக்குப் போவதை நான் ஒப்பவே மாட்டேன். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற ஆயிலின் உலர் கொதிநிலை 312 டிகிரி. கேஸ்ட்ரால் ரியாக்ட் எஸ்ஆர்எஃப் விலை கூடுதல். ஆனால் ஈரம் ஏறிய பிறகும் 270 டிகிரி வரை தாங்கும் என்பது அதன் தனிச்சிறப்பு. வருடத்துக்கு ஒரு தடவை டிராக் போகிறவர் முதலாவதை ஊற்றி, போகும் முன் புதிதாக மாற்றினால் போதும். பேரைப் பார்த்து ஏமாந்து டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன் வகை, மற்றதோடு கலக்காது.

முதல் வழி: கம்பெனி பேடையே வைத்துக்கொள்வது

போலோ ஜிடி டிஎஸ்ஐ போல 1,100 கிலோ சுமார் உள்ள சிறு கார், முதல் டிராக் டே, புது ஆயில். இந்த மூன்றும் சேர்ந்தால் கம்பெனி பேடே போதும் என்பது என் கருத்து. இரண்டு மூன்று சுற்று வேகமாக, பிறகு ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக என்று ஓட்டினால் நாள் நல்லபடியாக முடியும். செட்டிபாளையம் டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான்; அங்கே வேகம் குறைவு, ஆனால் மிதிக்கும் இடங்கள் அடுத்தடுத்து வரும். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், நேர்பாதையில் வேகம் ஏறுவதால் ஒவ்வொரு மிதியும் கனமானது.

சாலைப் பேடுகளில் உராய்வுப் பொருளைப் பிடித்துவைத்திருக்கும் பிசின், 350, 400 டிகிரியைத் தாண்டும்போது சிதைந்து வாயுவை விடும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே மெத்தைபோல நிற்கும். நாற்றம் முதலில் வரும், பிடி பிறகு போகும். நாற்றம் வந்ததும் பிட்டுக்கு (டிராக்கை விட்டு வந்து நிறுத்தும் இடம்) திரும்பிவிடுகிறவருக்கு இந்த வழியில் ஆபத்தில்லை. 1,700 கிலோ எடையும் டர்போ வேகமும் உள்ள பிஎம்டபிள்யூ எம்340ஐ வைத்திருப்பவர் இதை நம்பக் கூடாது. அந்த எடைக்கு முன்னால் கம்பெனி பேடு முதல் செஷனை, அதாவது டிராக்கில் ஓட்டத் தரும் முதல் தவணையை, தாண்டுவதே பெரிது.

இரண்டாம் வழி: வருடம் முழுக்க ஒரே இடைநிலைப் பேடு

ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப் இரண்டும் இந்த வகையில் அதிகம் பேசப்படுபவை. டிஎஸ்2500க்கு 20 முதல் 500 டிகிரி வரை சராசரி உராய்வெண் 0.42 என்று ஃபெரோடோ சொல்கிறது. நமக்கு முக்கியமான எண் அந்த 20தான். குளிர்ந்த நிலையிலேயே பிடி தொடங்குகிறது. பெடலை அழுத்தும் அளவுக்கேற்பப் பிடி சீராக ஏறுகிறது. யெல்லோஸ்டஃப் முதல் மிதியில் இன்னும் கொஞ்சம் கடித்துப் பிடிப்பது போலிருக்கும். எடை அதிகமான காரில், நீண்ட செஷனில், டிஎஸ்2500 அளவுக்கு எனக்கு நம்பிக்கை தருவதில்லை. இரண்டில் ஒன்று என்றால் நான் டிஎஸ்2500 பக்கம்.

குறைகளையும் மறைக்க வேண்டாம். டிஎஸ்2500 கீச்சிடும். கானாடுகாத்தான் தெருக்களில் இரண்டு பக்கமும் உயர்ந்த மதில்களுக்கு நடுவே மெதுவாக வந்து நிறுத்தினால் டவுன் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்கும். பிரேக் தூசியும் அதிகம். அந்தத் தூசியில் இருக்கும் இரும்புத் துகள்கள் மழை ஈரத்தில் துருப்பிடித்து அலாய் வீலில் ஒட்டிக்கொள்ளும். டிராக்கிலிருந்து வந்த அன்றே வீல்களைக் கழுவிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த காரைக்குடி மெக்கானிக் அண்ணன் இந்த வகைப் பேடைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது டிஸ்க்கைத் தின்னுமே. ஆச்சிய ஏத்திட்டுப் போற வண்டிக்கு எதுக்கு இது?” என்று கேட்டார். அவர் சொன்னதில் உண்மை உண்டு, டிஸ்க் தேய்மானம் கூடத்தான் செய்யும். ஆனால் டிராக்குக்குப் போகிற வண்டியில் டிஸ்க்கும் டயர் மாதிரி செலவாகிற பொருள்தான். டிஸ்க்கின் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்து, அதற்கு வருமுன் மாற்றிவிட்டால் சரி.

மூன்றாம் வழி: டிராக்குக்குத் தனிப் பேடு, சாலைக்குத் தனிப் பேடு

பாகிட் ஆர்எஸ்எல்29, ஃபெரோடோ டிஎஸ்1.11, ஹாக் டிடிசி-60 போன்றவை போட்டிக்கென்றே செய்தவை. இவற்றுக்குள்ளும் குணம் வேறு. ஆர்எஸ்எல்29 நீண்டநேரப் பந்தயங்களுக்கானது. முதல் மிதியில் ஆரவாரம் இருக்காது, காலைத் தளர்த்தும்போது பிடியும் மென்மையாகத் தளரும், டிஸ்க்கையும் அதிகம் வதைக்காது. டிடிசி-60 தொட்டவுடன் வலுவாகப் பிடிக்கும் வகை. அகலமான, நல்ல பிடிப்புள்ள டயர் இருந்தால்தான் அந்த வலு தரையில் இறங்கும், இல்லாவிட்டால் ஏபிஎஸ் இடைவிடாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். சாதாரணச் சாலை டயரில் டிராக் ஓட்டுகிறவருக்கு நான் ஆர்எஸ்எல்29 என்றே சொல்வேன்.

வேகமாக ஓட்டத் தெரிந்தவருக்குக் கனமான காரில் இதுதான் சரியான வழி. ஆனால் இவற்றோடு ஊருக்குத் திரும்பக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பிரேக்கைத் தொடாமல் வந்தால் பேடு முழுதாக ஆறிவிடும். அந்த நிலையில் போட்டிப் பேடின் முதல் மிதி தயங்கும். டிஸ்க்கையும் அரம்போல ராவிக்கொண்டே வரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. பேடு சூடேறிப் பிடிக்கும் வரை காத்திருக்க அங்கே இடமில்லை.

ஆக, பேடாக்கில் (டிராக் ஓரம் வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) போட்டிப் பேடைக் காலையில் மாட்டி மாலையில் கழற்ற வேண்டும். இந்த வேலையின் கஷ்டம், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரைப் பொறுத்தது. நான்கு பிஸ்டன் ஃபிக்ஸட் காலிப்பர் உள்ள கார்களில் பெரும்பாலும் பேடைத் தாங்கும் இரும்புப் பின்னைத் தட்டி எடுத்து, ஸ்பிரிங்கைக் கழற்றி, பேடை மேலே உருவிவிடலாம். காலிப்பரைத் தொட வேண்டியதில்லை. ஃப்ளோட்டிங் காலிப்பரில் கைடு போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் அதற்கு 7 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். கழற்றிய காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் அதன் எடை இறங்கக் கூடாது. பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளும்போது ரிசர்வாயரில் ஆயில் மேலே வரும். வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போய்விடும். எல்லாம் மாட்டியதும், வண்டியை அசைக்கும் முன் பெடல் இறுகும்வரை பலமுறை அழுத்த வேண்டும். இதை விட்டுவிட்டு வண்டியை எடுத்தால் முதல் மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும். வீல் போல்ட்டை டார்க் ரென்ச்சில்தான் இறுக்க வேண்டும்: ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் பொதுவாக 120 நியூட்டன் மீட்டர், இன்றைய பிஎம்டபிள்யூக்களில் 140.

பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் ஸ்கேன் கருவியால் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, அதன் மோட்டார் பழுதாகலாம். அதனால் பலர் முன்பக்கம் மட்டும் மாற்றுகிறார்கள். அது ஏற்கத்தக்கதே. முன்பக்கம் சற்று முந்திப் பூட்டும், கார் நேராகவே போகும். தலைகீழாக, பின்பக்கம் வலுவான பேடும் முன்பக்கம் கம்பெனி பேடும் ஒருநாளும் வேண்டாம். வளைவுக்கு முன் வால் சுழன்றுவிடும்.

இந்த வழியில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. பேடு டிஸ்க்கின் மேல் தன் பொருளை மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டுதான் சரியாகப் பிடிக்கிறது. ஒரு கலவையின் படலத்தின் மேல் வேறு கலவைப் பேடு உட்கார்ந்தால், படலம் திட்டுத்திட்டாகிப் பெடல் அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கடைசலுக்குக் கொண்டுபோகிற பல வண்டிகளில் உண்மையில் நடந்தது இந்தத் திட்டுதான். ஒரே தயாரிப்பாளரின் சாலைப் பேடும் டிராக் பேடும் ஜோடியாக வாங்கினால் இது பெருமளவு குறையும். அதனால்தான் எடை அதிகமான காருக்கு நான் சொல்லும் ஜோடி: சாலைக்கு டிஎஸ்2500, டிராக்குக்கு டிஎஸ்1.11. பின்னதை மாட்ட நேரமில்லாமல் போனாலும் முன்னதோடு பாதி வேகத்தில் நாளை முடிக்கலாம்.

எங்கே மாட்டுவது, எங்கே பதப்படுத்துவது

சாலைப் பேடு, இடைநிலைப் பேடு இரண்டையும் ஊரிலேயே மாட்டலாம். ஆனால் முகப்பின் ஆத்தங்குடிக் கல் தரையில் ஜாக்கி வைக்காதீர்கள். ஒரே புள்ளியில் அத்தனை எடை இறங்கினால் கல் விரியும். சிந்திய ஆயில் சிமெண்டுக்குள் ஊறினால் கறை போகாது. பின்கட்டுக்கு வெளியே கெட்டியான சிமெண்டுத் தளம் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் போடுங்கள்.

புதுப் பேடைப் பதப்படுத்த, அதாவது அதன் படலம் டிஸ்க்கில் சீராகப் படிய, 100லிருந்து 20 கிலோமீட்டர் வரை முழுதாக நிறுத்தாமல் எட்டு, பத்து தடவை குறைத்து, பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இடையில் எங்கேயும் பெடலை அழுத்தியபடி நிற்கக் கூடாது. இடைநிலைப் பேடுக்கு விடியற்காலையில் ஆளில்லாத நேராக ஓடும் சாலை போதும். செட்டிநாட்டின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தைச் சிலர் ஆசையோடு பார்க்கிறார்கள். அது கால்நடைப் பண்ணையை ஒட்டிய அரசு நிலம். அனுமதியின்றி நுழைவதை விடுங்கள். போட்டிப் பேடுக்குத் தேவையான சூட்டைச் சாலையில் பாதுகாப்பாக ஏற்ற முடியாது. அதை டிராக்கின் முதல் செஷனில் செய்யுங்கள்: இரண்டு மூன்று சுற்று படிப்படியாக மிதியைக் கூட்டி, ஒரு சுற்று ஆறவிட்டு, பிட்டில் நிறுத்தி டிஸ்க் முழுதும் ஆறும்வரை காத்திருப்பது.

செஷன் முடிந்து பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேடு இறுக்கிப் பிடித்தால் அந்த இடத்தில் மட்டும் பொருள் ஒட்டிக்கொள்ளும். மேனுவல் காரில் முதல் கியர், ஆட்டோவில் பார்க், சக்கரத்துக்கு ஒரு கட்டை. எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள சில கார்களில் எஞ்சினை அணைத்ததும் அது தானாகவே பிடிக்கும். அந்தத் தானியங்கி அமைப்பைக் காலையிலேயே அணைத்துவைத்துவிடுங்கள்.