ராமநாதபுரம் கடற்கரைச் சாலைக்கு வண்டி பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரை "கடலோரமாவே கூட்டிட்டுப் போறோம்" என்று பேக்கேஜ் போட்டு வண்டி விடுகிறவர்கள் இப்போது நிறைய. லீவு வரப்போகிறது, பலரும் முன்பணம் கட்டுவீர்கள், அதனால் எங்கள் குடும்பத்துக்கு நடந்ததை விடாமல் எழுதிவிடுகிறேன். பேசிய தொகை 14,500 ரூபாய், எல்லாம் சேர்த்து. இறங்கும்போது அதற்கு மேல் கேட்டது 7,952. படகுக்கு என்று முன்னாலேயே தனியாக வாங்கிக்கொண்ட 3,500 இந்தக் கணக்கில் வராது. அந்தப் படகில் நாங்கள் ஏறவே இல்லை, பணமும் திரும்பவில்லை.

ஏமாற்றுவது எப்படி நடக்கிறது என்று புரிய வேண்டுமானால் அந்தச் சாலை எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர் என்றதும் ஜன்னல் பக்கம் கடல் கூடவே வரும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்போம். வேம்பாரைத் தாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்த பிறகு சாலை பெரும்பாலும் கடலை விட்டு உள்ளே தள்ளித்தான் போகிறது. பனங்காடு, உடைமரம், சீமைக்கருவேலம், அங்கங்கே உப்பளம். அதுவும் அழகுதான், நான் குறை சொல்லவில்லை, காலை வெயிலில் அந்தப் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு போவதற்காகவே அந்த வழியில் போகலாம். ஆனால் கடலைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் மெயின் ரோட்டை விட்டு இறங்கியாக வேண்டும். மூக்கையூருக்கு ஒரு திருப்பம், மாரியூருக்கு ஒன்று, வாலிநோக்கத்துக்கு ஒன்று, ஏர்வாடிக்கு ஒன்று, திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்கு ஒன்று. இந்தத் திருப்பங்களைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

நாங்கள் மதுரைக்காரர்கள். அப்பா, அம்மா, அக்கா குடும்பம், நான். ரயிலில் தூத்துக்குடி போய் அங்கே வண்டி ஏறி, கடற்கரை வழியாகவே ராமேஸ்வரம் போய்த் தங்கி, தனுஷ்கோடி பார்த்துவிட்டு ராமநாதபுரத்தில் இறங்கி ரயில் பிடிப்பதாகத் திட்டம். போனில் பேசிய டிராவல்ஸ்காரர் நன்றாகவே பேசினார், "அக்கா, நீங்க எந்த எடம் கேட்டாலும் நிறுத்துவோம்" என்றார். மேலே சொன்ன ஊர்கள், கீழக்கரை, பாம்பன், தனுஷ்கோடி எல்லாவற்றையும் வரிசையாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 500 கிலோமீட்டர் வரை, டீசல், டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் அடக்கம். கூடவே, முந்தலில் இருந்து நல்லதண்ணித் தீவுக்குப் படகு ஏற்பாடு செய்து தருகிறோம், அதற்கு மட்டும் தனியாக அனுப்பிவிடுங்கள் என்றார். ஜிபேயில் அனுப்பினோம்.

வந்த வண்டி வெள்ளை போர்டு. வாடகைக்கு ஓடுகிற வண்டி என்றால் மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். சொந்த வண்டி என்று பதிவு செய்ததை வாடகைக்கு விட்டு வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், உள்ளே இருந்தவர்கள்தான் அலைய வேண்டும். அப்பா அதைக் கேட்டார். "மஞ்சள் போர்டு வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு ஐயா, இது ஓனர் சொந்த வண்டி" என்றார் டிரைவர். வயதானவர்களை அந்த வெயிலில் வேறு வண்டிக்காக எவ்வளவு நேரம் நிறுத்திவைப்பது? ஏறினோம்.

சாயல்குடி பக்கம் மூக்கையூருக்குத் திரும்பும் இடத்தில் முதல் பிரச்சினை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அக்கா, ட்ரிப் ஷீட்ல ஈசிஆர் மட்டும்தான் போட்டிருக்கு. உள்ள போகணும்னா ரூட் மாத்தம்னு ஓனர் சொல்வாரு" என்றார். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைக் காட்டினேன். அவர் ஓனருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். "போங்கக்கா, பாத்துக்கலாம்" என்று ஓனர் சொன்னார். அந்தப் "பாத்துக்கலாம்" கடைசியில் பில்லில் ஒரு திருப்பத்துக்கு 300 வீதம் வந்து நின்றது. மூக்கையூர், முந்தல், மாரியூர், வாலிநோக்கம், ஏர்வாடி, சேதுக்கரை, ஆக 1,800.

அந்த டிரைவர் பையனை நான் திட்ட மாட்டேன். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், சாப்பாட்டு நேரத்தில் எங்களோடுதான் சாப்பிட்டார், வாலிநோக்கத்தில் கருத்த பாறை மேல் அம்மா கால் வைக்கத் தயங்கியபோது கையைப் பிடித்து இறக்கிவிட்டதும் அவர்தான். கணக்கு எழுதச் சொல்வது வேறு ஆள்.

படகு விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு அதிகக் கோபம். முந்தலில் படகுக்காரர் என்று எங்களுக்குக் கொடுத்த நம்பர் எடுக்கவே இல்லை. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தீவுக்கா? யாரு தாயி சொன்னது? அங்கிட்டெல்லாம் ஆளை ஏத்த மாட்டோம். ஃபாரஸ்ட்டுக்காரவுக பாத்தா வள்ளத்தப் பிடிச்சிட்டுப் போயிருவாக" என்றார். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகள் கொண்ட பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நல்லதண்ணித் தீவும் அதில் ஒன்று. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. சுற்றிலும் பவளப்பாறையும் கடற்புல்லும் இருக்கிற இடம், கடல் பசு மேய்கிற இடம். அதற்குத்தான் கட்டுப்பாடு. அதாவது எங்களிடம் 3,500 வாங்கிக்கொண்டு விற்றது சட்டப்படி யாருமே விற்க முடியாத ஒன்று. அந்தப் பெரியவர் சொல்லாமல், காசுக்கு ஆசைப்பட்ட யாரோ ஒருவர் ஏற்றிக்கொண்டு போயிருந்தால்? பிடிபட்டால் படகு போகும், அந்தக் குடும்பத்துப் பிழைப்பு போகும், எங்கள் மேலும் கேஸ். இன்னொன்றும் இருக்கிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் சும்மாவே கொந்தளிக்கும், அந்தப் பக்கத்தை ஆண்கடல் என்றும் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள். காற்றையும் கடலையும் பார்க்காமல் மதுரையில் இருக்கிறவர்களுக்குப் போனிலேயே படகு உறுதி என்று சொல்கிற ஆளை நம்பிப் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?

படகில் போக ஆசை இருந்தால் முறையான வழி இருக்கிறது. தொண்டி பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் ஊர்க்காரர்களே படகில் அழைத்துப் போகிறார்கள். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும் வனத்துறையே படகு விடுகிறது. கடல் நிலையைப் பொறுத்து நிறுத்திவிடுவார்கள், அதனால் அன்றைக்கு ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கவுண்டரில் டிக்கெட் எடுங்கள், நடுவில் யாருக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

வழியில் "ஒரிஜினல் கருப்பட்டி" என்று ஒரு கடையில் நிறுத்தியதையும் சொல்லிவிடுகிறேன். உடைத்த இடத்தில் சீனி மினுமினுத்தது, அம்மா வாயில் போட்டதுமே வேண்டாம் என்று வைத்துவிட்டார். சாயல்குடி சுற்றுவட்டாரம் நல்ல கருப்பட்டிக்குப் பேர்போனது, பனை ஏறுகிற குடும்பங்களிடம் நேரில் வாங்கலாம், டிராவல்ஸ் நிறுத்துகிற கடையில் வேண்டாம். அதே கடையில் பவளப்பாறைத் துண்டுகளை ஷோகேஸுக்கு என்று விற்கிறார்கள். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பையில் வைத்திருந்தாலே குற்றம்.

தனுஷ்கோடியில் "பெர்மிட் 1,500" என்று பில்லில் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு பெர்மிட்டே கிடையாது. 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் அழிந்த பிறகு ரொம்ப காலம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில்தான் வேன் பிடித்துப் போக வேண்டியிருந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். இப்போது கார் நேராக முனை வரைக்கும் போகிறது. வாகன நுழைவுக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை வாங்கினார்கள், ரசீது கொடுத்தார்கள், அதையும் அக்காதான் கொடுத்தாள். சாயங்காலம் ஆனால் திரும்பச் சொல்லிவிடுவார்கள், கடல் சீற்றம் இருந்தால் போலீஸ் விடாது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து டவுன் பஸ்ஸே ஓடுகிறது. இடமோ எவ்வளவு பார்த்தாலும் தீராத இடம், இடிந்த சர்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு அப்பா வெகுநேரம் நின்றார், அதற்குள் "டைம் ஆச்சு" என்று ஓனரிடமிருந்து போன் மேல் போன்.

கடைசியாக ராமநாதபுரம் ஸ்டேஷன் வாசலில் ட்ரிப் ஷீட். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஓப்பனிங் கிலோமீட்டர் 88,164 என்று எழுதியிருந்தது. நீலப் பேனாவில் எழுதிய எண்ணின் மேலேயே அழுத்தி இன்னொரு எண்ணை எழுதியிருந்தார்கள், அடியில் இருந்த 4-இன் வால் தெரிந்தது. அக்கா மகன் காலையில் ஏறியதுமே மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தான், அதில் 88,412. இறங்கும்போது மீட்டரில் 88,758. ஆக நாங்கள் ஓடியது 346 கிலோமீட்டர். ஷீட்டில் 714. எப்படி என்றால், வண்டி நிறுத்திவைக்கிற ஷெட்டிலிருந்து எங்களை ஏற்ற வந்த தூரம் 248, ராமநாதபுரத்திலிருந்து ஷெட்டுக்குத் திரும்பும் தூரம் 120, இரண்டும் நம் தலையில். அவர்கள் ஆபீஸ் தூத்துக்குடியிலேயே இருக்கிறது, நாங்கள் ஏறியதும் தூத்துக்குடியில்தான், 248 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "ஷெட் டு ஷெட்தான் கணக்கு, எல்லா டிராவல்ஸிலும் அப்படித்தான்" என்கிறார் ஓனர். திரும்பும் தூரத்தை ஒத்துக்கொண்டாலும் 466, பேசிய 500-க்குள்தான் வருகிறது. அவர் கணக்கில் 214 கிலோமீட்டர் கூடுதல், கிலோமீட்டருக்கு 18 வீதம் 3,852. அதோடு ரூட் மாற்றம் 1,800, பெர்மிட் 1,500, இரவு பேட்டா 800. பேட்டா அடக்கம் என்று எழுதியே அனுப்பியிருந்தார்.

மதுரை ரயிலுக்கு நேரம் நெருங்குகிறது, பெட்டிகள் எல்லாம் டிக்கியில். பணம் வராமல் டிக்கியைத் திறக்க வேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டார். அம்மாவின் சுகர் மாத்திரை அந்தப் பையில்தான் இருந்தது. கொடுத்தோம். கொடுக்கும்போது ட்ரிப் ஷீட்டில் "ஆட்சேபணையுடன் கொடுக்கப்படுகிறது" என்று அப்பா தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார், நான் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ரொக்கம் கேட்டார்கள், நாங்கள் ஜிபேயில்தான் அனுப்பினோம்.

நீங்கள் போவதானால் வண்டி ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள், ட்ரிப் ஷீட்டில் ஓப்பனிங் எண்ணை உங்கள் கண் முன்னால் எழுத வைத்து அதையும் படம் எடுங்கள். கணக்கு நீங்கள் ஏறுகிற இடத்திலிருந்தா, ஷெட்டிலிருந்தா என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள், ஷெட்டிலிருந்து என்றால் ஷெட் எந்த ஊரில் என்றும் கேளுங்கள். "ஈசிஆர் வழியாக" என்று மொத்தமாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளைச்சாலையில் இறங்குகிற ஒவ்வொரு ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் "உட்பட" என்ற சொல் இருக்க வேண்டும். மருந்து, அடையாள அட்டை, ரயில் டிக்கெட் மூன்றும் டிக்கியில் போகக் கூடாது, கையில் இருக்கட்டும்.

இல்லை, வண்டியே வேண்டாம் என்றால் ராமநாதபுரத்தில் தங்கி அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடிக்குப் பஸ்ஸில் போய், கடற்கரைக்கு மட்டும் உள்ளூர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். நேரம் கூடும், ஆனால் எங்கே போகிறோம், எவ்வளவு கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம், ஓனருக்கு வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடப் போகிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், அதற்காகத் தூத்துக்குடிக்கு அலைய வேண்டியதில்லை, 5 லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். இதே மாதிரி ரூட் மாற்றம், ஷெட் டு ஷெட் என்று பில் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் ட்ரிப் ஷீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், நீங்களும் 1915-க்குச் சொல்லுங்கள்.