ஈலைஃப்: தீர்ப்பு சொல்லாத ஜர்னல்

மணக்குடிக் கழிமுகத்து நண்டுகளைப் பற்றி நானும் என் மாணவியும் எழுதிய கட்டுரை, ஒரு ஜர்னலில் ஒன்பது மாதம் கிடந்தது. கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் துறை வல்லுநர்களில், அதாவது ரிவ்யூவர்களில், ஒருவர் சின்னத் திருத்தம் போதும் என்றார். இன்னொருவர் நாலு வரியில் முடித்துக்கொண்டார். எடிட்டர் யார் பேச்சைக் கேட்டார், ஏன் கேட்டார்? ஒரு வார்த்தை இல்லை. "வருந்துகிறோம்", அவ்வளவுதான்.

அந்தக் கடுப்பில்தான் ஈலைஃப் என்ற உயிரியல் ஜர்னலில் வருகிறதை ஒரு மாதமாக உட்கார்ந்து படித்தேன். 2023 ஜனவரி கடைசியிலிருந்து அங்கே ரிவ்யூவுக்குப் பிறகு ஏற்பு, நிராகரிப்பு என்ற பேச்சே கிடையாது. ரிவ்யூவுக்குப் போன கட்டுரை எப்படியும் வெளிவரும். தலைமாட்டில் எடிட்டரும் ரிவ்யூவர்களும் கலந்துபேசி எழுதிய சிறு மதிப்பீடு. அதற்கென்றே சொற்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்: கண்டுபிடிப்பின் முக்கியத்துவத்துக்கு ஐந்து படி, ஆதாரத்தின் பலத்துக்கு ஆறு படி. 'பயனுள்ளது, ஆனால் ஆதாரம் முழுமையில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். ரிவ்யூவர்களின் குறிப்பும் கட்டுரை எழுதியவரின் பதிலும் கூடவே கிடக்கின்றன. ஒரு கட்டுரையில் மாதிரி எண்ணிக்கை போதாது என்று ரிவ்யூவர் விடாமல் மல்லுக்கட்டுவதைப் படித்துவிட்டு மாணவி சொன்னாள்: "மேம், திட்டினாலும் எதுக்குன்னு தெரியுதே!"

ஆனால் எதை ரிவ்யூவுக்கு அனுப்புவது என்பதை இங்கேயும் எடிட்டர்தான் முடிவுசெய்கிறார். உள்ளே விட்டவற்றின் கதை முழுக்க நம் கண்முன்னே. வாசலோடு திருப்பி அனுப்பியவற்றைப் பற்றி வாசகருக்கு ஒன்றும் தெரியாது. பூட்டைக் கழற்றவில்லை, வாசலுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு வரி காரணத்தைப் பொதுவில் வைத்தால் என்ன?

கட்டுரை எழுதியவர் கட்ட வேண்டிய கட்டணம் புதிய முறை தொடங்கியபோதே 2,000 டாலர். கட்ட வழியில்லாதவர்கள் விலக்கு கேட்கலாம்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய இடி வேறு. இந்த முறையைக் காரணம் காட்டி, ஈலைஃபுக்கு இனி இம்பாக்ட் ஃபேக்டர் (ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண்) இல்லை என்று, அதைக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் 2024 நவம்பரில் கைவிரித்துவிட்டது. யுஜிசியின் 2018 விதிப்படி இம்பாக்ட் ஃபேக்டர் ஐந்துக்கும் பத்துக்கும் நடுவே இருந்தால் கூடுதலாக 25 மதிப்பெண். அதுவே இல்லாத ஜர்னலுக்கு 5. ஈலைஃப் முன்பு அந்த 25இல் இருந்தது. என் பதவி உயர்வு விண்ணப்பம் அடுத்த ஜூனில்.

மாணவிக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. ஈலைஃபுக்கு அனுப்புவதற்காக, ரிவ்யூவுக்கு முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் பயோஆர்க்கைவ் தளத்தில் எங்கள் கட்டுரையை ஏற்றிவிட்டாள். விலக்குக் கடிதம் நான்தான் எழுத வேண்டும்.