சிலிண்டரை அணைக்கும் பிளக்கா, டிரைவரின் வலது காலா? லாரி மைலேஜ் கணக்கு

"டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகுங்கள், லோடு குறையும்போது பாதி சிலிண்டரைத் தானே அணைத்துவிடும், டீசல் மிச்சம்." இந்த வாக்குறுதியோடு, பழுது பார்க்கும் ஸ்கேனரை மாட்டும் அந்தச் சாக்கெட்டுக்கென்று ஆன்லைனில் விற்கும் பிளக்குகளின் விலை சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது. அதே காசை, அல்லது காசே இல்லாமல் கொஞ்சம் கவனத்தை, வேறு இடத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த அலசல்.

கணக்குக்கு ஒரு வண்டி வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கும் ஒரகடத்துக்கும் இடையே கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 4,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர், டீசல் விலை 92 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 1,143 லிட்டர், அதாவது 1,05,000 ரூபாய் சொச்சம். இதில் 3 சதவீதம் மிச்சமானால் 3,150 ரூபாய். கீழே வரும் ஒவ்வொன்றையும் இந்த 3,150-ஓடு ஒட்டிப் பாருங்கள்.

நிஜமான சிலிண்டர் அணைப்பு என்பது என்ன?

இது கட்டுக்கதை அல்ல. 1981-லேயே காடிலாக் 8 சிலிண்டர் இன்ஜினை 6 ஆகவும் 4 ஆகவும் ஓட்டப் பார்த்தது. அந்தக் காலத்து எலக்ட்ரானிக்ஸ் தாங்கவில்லை. பிறகு கிரைஸ்லர், ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா எல்லாம் சரியாகச் செய்தார்கள். ஆனால் இவை அத்தனையும் பெட்ரோல் இன்ஜின்கள்.

பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் தகடு காற்றின் கழுத்தைப் பிடிக்கிறது. லேசான லோடில் தகடு முக்கால்வாசி மூடியே இருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்த வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டும், அந்த உழைப்பு வீண். பாதி சிலிண்டரின் உள்வால்வு, வெளிவால்வு இரண்டையும் மூடிவிட்டால், மீதிச் சிலிண்டர்கள் முழு வேலையையும் சுமக்கத் தகடு அகலமாகத் திறக்கும். வீண் இழுப்பு குறையும். அடைத்த சிலிண்டருக்குள் மாட்டிய காற்று ஸ்பிரிங் போல அமுங்கி விரிவதால் அங்கே பெரிய நஷ்டம் இல்லை. இப்படிக் கிடைப்பது ஒற்றை இலக்கச் சதவீதம்தான்.

டீசல் இன்ஜினில் லோடைக் கூட்டிக் குறைப்பது டீசலின் அளவு. காற்றின் கழுத்தை யாரும் பிடிப்பதில்லை. பிஎஸ்6 வண்டிகளில் உள்ளிழுப்புப் பாதையில் ஒரு தகடு இருக்கலாம், ஆனால் அது புகை மறுசுழற்சிக்கும் ஃபில்டர் சூட்டுக்கும்தான். எனவே பெட்ரோலில் மீட்ட அந்தப் பெரிய நஷ்டம் இங்கே முதலிலேயே கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்படியென்றால் கம்மின்ஸ், ஈட்டன், ஜேக்கப்ஸ் போன்ற இன்ஜின், இன்ஜின் பாகக் கம்பெனிகள் ஏன் டீசலில் சிலிண்டர் அணைப்பை ஆராய்கின்றன? முக்கியக் காரணம் சைலன்சர் சூடு. லேசான லோடில் புகை ஆறிவிடும். யூரியாவைக் கொண்டு புகையைச் சுத்தம் செய்யும் எஸ்சிஆர் சுமார் 200 டிகிரிக்குக் கீழே போனால் யூரியா தெளிப்பு நின்றுவிடும், நைட்ரஜன் ஆக்சைடு தப்பிவிடும். சில சிலிண்டர்களை வால்வோடு சேர்த்து மூடினால் மிச்சச் சிலிண்டர்களின் புகை சூடாக வரும். கூடவே கொஞ்சம் டீசலும் மிச்சமாகும். அதற்கு வால்வை இயக்கும் பாகங்களுக்குள்ளேயே ஆயில் அழுத்தத்தில் இயங்கும் பூட்டு, தனி ஆயில் பாதை, சோலினாய்டு, அதை அறிந்த கண்ட்ரோல் யூனிட் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) எல்லாம் வேண்டும். ஹெட் கவரைத் திறக்காமல், 16 பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகிய ஒரு பெட்டியால் வால்வைப் பூட்ட முடியாது.

பிளக் என்ற பெயரில் விற்பவை

முதல் வகை, மின்மினி. உள்ளே ஒரு சின்ன சிப், இரண்டு மூன்று எல்இடி, ஒரு பட்டன். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். 6-வது பின், 14-வது பின் இரண்டும்தான் கேன் பஸ், அதாவது வண்டியின் கண்ட்ரோல் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் ஒயர். அவை போர்டில் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்றால், அல்லது அந்த ஒயரில் பேச உதவும் கேன் டிரான்சீவர் சிப்பே இல்லை என்றால், அந்தப் பெட்டிக்கு வண்டியோடு பேச வாயே இல்லை. 16-வது பின்னில் பேட்டரி கரண்டை மட்டும் குடிக்கிறது. பேச வாய் இருந்தாலும், சிலிண்டரை அணை என்று சொல்ல, இந்தச் சாக்கெட்டுக்கான ஓபிடி தரத்தில் பொதுக் கட்டளை கிடையாது. பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம், அழிக்கலாம், அளவுகளைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இவற்றில் பெரும்பாலானவை காருக்கான 12 வோல்ட் சரக்கு. லாரியின் 24 வோல்ட்டில் செருகினால் கெபாசிட்டர் வீங்கும், ரெகுலேட்டர் கொதிக்கும். "200 கிலோமீட்டர் ஓடினால்தான் வண்டியைக் கற்றுக்கொள்ளும்" என்ற வாசகத்தின் பலன் வேறு: அந்த வாரம் முழுக்க டிரைவர் மைலேஜையே நினைத்துக்கொண்டு ஓட்டுவார், மைலேஜ் ஏறும், புகழ் பெட்டிக்குப் போகும்.

இரண்டாம் வகை, இன்ஜெக்டர் ஒயரில் இடைமறித்து டீசலை மட்டும் நிறுத்துவது. இதுதான் உண்மையிலேயே கெடுதல் செய்வது. வால்வுகள் வழக்கம்போலத் திறந்து மூடும். டீசல் இல்லாத சிலிண்டர் எரியாத, ஆறிய காற்றைச் சைலன்சருக்குள் தள்ளும். எஸ்சிஆர் ஆறும், யூரியா படிந்து கல்லாகும். வண்டிக்குத் தேவையான இழுவை குறையவில்லை, ஆகவே கண்ட்ரோல் யூனிட் மற்றச் சிலிண்டர்களுக்கு அதிக டீசலைக் கொடுக்கும். செத்த சிலிண்டரின் உராய்வையும் அவைதான் சுமக்க வேண்டும். ஆறு சிலிண்டர் இன்ஜினில் 120 டிகிரிக்கு ஒருமுறை வர வேண்டிய உந்தல் தவறுவதால் கிராங்கில் முறுக்கதிர்வு, கிளட்ச் தட்டில் அடி. ஒயர் திறந்திருப்பதைக் கண்ட்ரோல் யூனிட் கண்டுபிடித்து விளக்கைப் போட்டு சக்தியையும் குறைத்துவிடும். அதை ஏமாற்ற டம்மி ரெசிஸ்டர் வைப்பவர்களும் உண்டு. பழுது பார்க்கும்போது ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது வேறு விஷயம். அது சில நிமிட நோய் பார்ப்பு.

மூன்றாம் வகை, இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் (ரயில்) பிரஷர் சென்சாருக்கும் கண்ட்ரோல் யூனிட்டுக்கும் நடுவில் மாட்டும் டியூனிங் பெட்டி. பிரஷர் குறைவாக இருப்பதுபோலப் பொய் சொல்லும். கண்ட்ரோல் யூனிட் பிரஷரை ஏற்றும். அதே நேர அளவுத் திறப்பில் அதிக டீசல் பாயும். வண்டி நன்றாக இழுக்கும், அதை மறுக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால் டேஷ்போர்டில் காட்டும் மைலேஜும் ஏறும். காரணம், அந்த எண் அளந்தது அல்ல, கண்ட்ரோல் யூனிட் தான் எவ்வளவு பாய்ச்சினோம் என்று போட்டுக்கொண்ட கணக்கு. பொய்ப் பிரஷரை நம்பிக் குறைவாகப் பாய்ச்சினதாக நினைக்கிறது. டேங்க்கைக் கேட்டால்தான் உண்மை தெரியும். புகைக்கரி கூடி டிபிஎஃப் (கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடிக்கடி தன்னைச் சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளும், அதற்கும் டீசல்தான் எரியும்.

அமெரிக்கப் பிக்கப் வண்டிக்காரர்கள் பாராட்டும் ஒரு பிளக்கும் தேடலில் வரும். அது தலைகீழ்: ஜெனரல் மோட்டார்ஸ் வி8 வண்டிகளில் கம்பெனியே வைத்த சிலிண்டர் அணைப்பை, லிஃப்டர் (வால்வைத் தூக்கும் பாகம்) தேய்மானத்துக்குப் பயந்து, வேலை செய்யவிடாமல் தடுப்பது. மைலேஜ் கூடாது, சற்றுக் குறையும். அந்த விமர்சனங்களைப் படித்துவிட்டு இங்கே லாரிக்கு வாங்குவதில் பொருளே இல்லை. யூரியா தெளிப்பதாகக் கண்ட்ரோல் யூனிட்டை நம்பவைத்து யூரியாவை நிறுத்தும் எமுலேட்டரும் அப்படித்தான்: யூரியாச் செலவு நிற்கும், டீசல் குறையாது, சட்டமீறல் மட்டும் நிச்சயம். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

எதிர்த்தரப்பு: பிளக் இல்லாமல் மிச்சம் பிடிப்பது

ஆறு சிலிண்டரையும் அணைக்கும் வசதி வண்டியிலேயே இருக்கிறது. காமன் ரயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரயிலிலிருந்து டீசல் போகும் வண்டி) கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்ச்சல் பூஜ்யம். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜின் வேகம் ஐடிலிங் (நின்றபடி சும்மா ஓடும்) ஆர்பிஎம் அருகே வந்ததும் மீண்டும் பாய ஆரம்பிக்கும். நியூட்ரலில் விட்டால் ஐடிலிங்குக்கான டீசல் எரிந்துகொண்டே இருக்கும். பழைய பம்ப் வண்டியில் பழகிய கை இன்னும் நியூட்ரலுக்குப் போகிறது, மேம்பால இறக்கத்தில் அது பிரேக்குக்கும் ஆபத்து. டோல் பிளாசாவோ சிக்னலோ தெரிந்ததும் 300, 400 மீட்டர் முன்பே காலை எடுத்துக் கியரிலேயே உருட்டிப் போவதற்குப் பழக்கம் மட்டும் போதும்.

அடுத்தது, லோடுக்குத் தக்கபடி இன்ஜின் சக்தியை மாற்றும் மோட் சுவிட்ச். டாடா கனரக வண்டிகளில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று நிலை உண்டு. மற்றக் கம்பெனிகளும் வேறு பெயர்களில் தருகிறார்கள். காலியாகத் திரும்பும்போதும் ஹெவியிலேயே கிடக்கும் சுவிட்சுகள் ஏராளம். இந்த பிளக்குகள் வாயால் சொல்வதைக் கம்பெனி பரிசோதித்துக் கொடுத்திருக்கிறது, அதுவும் வாரண்டியோடு. லிஃப்ட் ஆக்சில் (தரையில் படாமல் தூக்கிவிடக்கூடிய அச்சு) உள்ள மல்டி ஆக்சில் லாரியில் காலி ஓட்டத்தில் அதைத் தூக்கிவிடுவதும் இதே கணக்கில் சேரும்.

ஆனால் சென்னையில் பெரிய ஓட்டை ஐடிலிங். துறைமுக வரிசையில் எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் டிரெய்லர் இன்ஜின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும் என்று வைப்போம். நாளுக்கு 3 மணி நேரம், 26 நாள்: 117 லிட்டர், 10,764 ரூபாய். நமது 3,150-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். பாதியை மிச்சம் பிடித்தாலே எந்த பிளக் விளம்பரமும் தோற்றுவிடும்.

"ஆஃப் பண்ணுங்க" என்று டிரைவரிடம் சொன்னால் மட்டும் நடக்காது. அவர் அணைக்காததற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி வீக், திரும்ப செல்ஃப் எடுக்காது என்ற பயம். ஏர் டேங்க் எங்கோ கசிகிறது, பத்து நிமிடம் நின்றால் பிரஷர் இறங்கிப் பிரேக் பிடித்துக்கொள்ளும், வரிசை நகரும்போது பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். எனவே முதலில் இரண்டு பேட்டரியையும் லோடு டெஸ்ட் செய்யுங்கள், சோப்புத் தண்ணீர் போட்டு ஏர் ஜாயின்டுகளைப் பாருங்கள், செல்ஃப் மோட்டார் கேபிளை இறுக்குங்கள். நெடுஞ்சாலையில் இழுத்து வந்த உடனே மட்டும் டர்போ ஆற இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம்; வெயிலில் காய்ந்த டிரைவருக்கு நியாயமான வசதி, வரிசையில் இன்ஜினை அணைக்காமல் இருக்க இன்னொரு காரணமும்கூட.

டயர் காற்று, பலரும் தெரிந்தும் செய்யாதது. 10 சதவீதம் குறைந்தால் டீசல் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். காலையில் வண்டி நகருமுன் அளக்க வேண்டும். மே மாத மத்தியானத்தில் அளந்து, கூடியிருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை அந்த டயர் பசியோடு இருக்கும். இரட்டைச் சக்கரத்தில் உள்டயரை அளக்க நீட்டுக் குழாய் வால்வு போட்டுவிடுங்கள். கை எட்டாததுதான் உள்டயர் செத்துப்போக முதல் காரணம். கேபின் மேல் காற்றுத் தடுப்பு, நகருக்குள் 40-ல் ஓடும் வண்டிக்கு வீண். கொல்கத்தா சாலையில் 70, 80-ல் போகும் உயரக் கண்டெய்னருக்கு, உயரம் பொருந்தினால், பயன் உண்டு.

செருகித்தான் ஆக வேண்டும் என்றால், படிக்கும் கருவியைச் செருகுங்கள். லாரிகளின் கேன் மொழியான ஜே1939 பேசும் டெலிமாடிக்ஸ் (வண்டித் தகவலைத் தொலைவிலிருந்து காட்டும் கருவி), மொத்த டீசல், மொத்த ஐடிலிங் மணி, ஐடிலிங்கில் எரிந்த டீசல் ஆகியவற்றை வண்டியிலிருந்து எடுத்துத் தரும். அதுவாக ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்காது, ஓட்டை எங்கே என்று காட்டும். புது வண்டிகள் பலவற்றில் கம்பெனியே பொருத்தியிருப்பார்கள். அதைப் பார்ப்பதற்கான ஓனரின் லாகின் திறக்கப்படாமலே கிடக்கும்.

பிளக்கைச் சோதிக்க

ஒரே மாடல் இரண்டு வண்டி, ஒரே எடை, ஒரே டயர் பிரஷர், ஒரே சாலை, ஐந்து நிமிட இடைவெளி. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, 62 கிலோமீட்டர், போய்வர வசதி. ஒரே பங்கில், ஒரே பம்பில், வண்டியை ஒரே சமதளத்தில் ஒரே பக்கம் நிறுத்தி, நாசில் முதல்முறை தானாக நின்றதும் போதும் என்று விடுங்கள். நிரப்புவது காலையில் இருக்கட்டும்: டீசல் டிகிரிக்கு 0.08 சதவீதம் விரியும். 300 லிட்டருக்கு 10 டிகிரி என்றால் 2.4 லிட்டர். நடுவில் டிபிஎஃப் தன்னைச் சுட்டுக்கொண்டால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் இரண்டு வண்டியையும் பிளக் இல்லாமல் மூன்று முறை ஓட்டுங்கள். முதல் வண்டி 40 லிட்டர், இரண்டாவது 41 என்றால் விகிதம் 0.976. பிறகு முதல் வண்டியில் மட்டும் பிளக்கைச் செருகி மறுபடி மூன்று முறை. இப்போது முதல் வண்டி 38 லிட்டர் என்றால் 5 சதவீதம் மிச்சம் என்று மனது துள்ளும். ஆனால் பிளக் இல்லாத இரண்டாவது வண்டியும் 39-க்கு இறங்கியிருக்கும்: விகிதம் 0.974. அன்று டிராஃபிக் குறைவு, அவ்வளவே. விகிதம் 0.95-க்குக் கீழே இறங்கி, மூன்று ஓட்டத்திலும் அங்கேயே நின்றால் பிளக்குக்குக் காசு கொடுக்கலாம்.